சூரைக்காற்று

திங்கள் கேட்டல். செவ்வாய் பேசுதல்.
புதன் படித்தல். வியாழன் எழுதுதல்.
வெள்ளிக்கு ஒன்றும் மிச்சமில்லாததால்
'மீள்பார்வை' என்று போட்டு
தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கியிருந்தேன்.
அடிக்கோல் வைத்துப் போட்ட கட்டங்கள்,
ஒன்றின் மை இன்னொன்றில் கசியாமல்.

பாம்பனுக்கு மாற்றலாகி மூன்றாவது வாரம்.
ஏழாம் வகுப்பு, பதினேழு பேர்.
திங்கட்கிழமை, ஆகவே கேட்டல்:
மலைரயில் பற்றி ஒரு பத்தியை
நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.
ரயில் குகைக்குள் போனது.
ஸ்டெனி டெஸ்க்கில் பல்லி வரைந்தான்.

அப்போதுதான் வந்தது
கூரையில் புனல் கட்டிய மீன்வளத்துறை ஆட்டோ.
பதினேழு தலையும் ஜன்னலுக்குத் திரும்பின.
அப்படியொரு அமைதியை
எந்த வகுப்பிலும் நான் கேட்டு வாங்கியதில்லை.

"மன்னார் வளைகுடாவில் சூறைக்காற்று
மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் முதல்..."
ஆட்டோ முக்கில் திரும்ப
மீதியைக் காற்று கொண்டுபோனது.
போனதை வகுப்பு நிரப்பியது.
"அம்பத்தஞ்சு வரைக்கும்." "இல்ல, அறுவத்தஞ்சு."
"கச்சான் காத்துக்கா இம்புட்டுச் சத்தம்?"
"கச்சான் இல்லடி, போர்ட்டாபீசுல
மூணாம் நம்பர் கூண்டு ஏத்தியாச்சு!"
'உள்ளேன் டீச்சர்' தவிர என்னிடம் ஒரு சொல் பேசாத
நம்புச்செல்வி
பெஞ்சு மேல் ஏறி நின்று வாதாடினாள்.

இன்னாசியின் அப்பா விடியுமுன்னே
தென்கடல் போயிருந்தார். எழுத்து தெரியாதவர்.
"எளுதித் தாங்க டீச்சர், பேசி அனுப்புறேன்."
"நீயே எழுது" என்று போனை நீட்டினேன்.

நோட்டே கொண்டுவராத இன்னாசி
கரும்பலகை முழுக்க எழுதினான்:
அப்பா. சூரைக்காற்று வருது. அறுவத்தஞ்சு.
குருசடத் தீவு ஒதுக்கத்துல நில்லு.
முடிஞ்சா கரைக்கி வந்துரு.

என் கை சிவப்புப் பேனாவைத் தேடியது.
கரும்பலகையில் சிவப்பு மை என்ன செய்யும்.
"சூறை டா. வல்லின ற. சூரை என்றால் மீன்."
"ரெண்டும் ஒரே மாதிரிதான டீச்சர் கேக்குது?"
ஆமாம். ஐந்து வருடம் தமிழ் படித்த என் வாயிலும்
அப்படித்தான் கேட்கிறது.
நாக்கை மடித்து அழுத்திச் சொல்லிப் பார்த்தேன்;
யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, எனக்கும்.
ஸ்டெனி சொன்னான்:
"காத்தடிச்சா சூர வரும் டீச்சர்.
அவன் சரியாத்தான் எளுதிருக்கான்."

பலகையைப் பார்த்துப் போனுக்குள் வாசித்தான் இன்னாசி.
போட்டுக் கேட்டான். அழித்தான்.
"அப்பான்னு சொல்றப்ப பயந்தமாரி இருக்கு" என்று
மறுபடி வாசித்தான்.
ஒற்றை டிக். சாம்பல் நிறம்.

கணக்கு டீச்சர் வந்தார், வாசலில் நின்றார்,
கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு பத்துக்குப் பதில்.
பதினொரு வினாடி, அதில் ஒன்பது வெறும் காற்று.
நடுவில் "சூர..."
பிறகு இன்ஜின். பிறகு "டா."
திரும்பப் போட்டோம். திரும்பவும்.
சூறை என்கிறாரா, சூரை என்கிறாரா?
"பயப்படுற தொண்ட இல்ல இது."
"இன்ஜின் மெதுவாத்தான் ஓடுது."
"அலை பக்கவாட்டுல அடிக்கிது, கேளு, ஒதுக்கத்துலதான் நிக்கிறாரு."
ஒன்பது வினாடிக் காற்றை
இடம், திசை, தூரம் என்று கடகடவெனப் படித்தார்கள்.
நான் மட்டும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னாசி பலகையில் இரண்டையும் எழுதினான்.
சூரை. சூறை.
பக்கத்தில் கேள்விக்குறி, தலைகீழாக.
துடைக்க வேண்டாம் என்றான்.

இரவெல்லாம் வாடகை வீட்டுத் தகரம் அடித்துக்கொண்டது.
படுத்தபடி வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்:
ரை. றை.

செவ்வாய், பேசுதல்.
எட்டே முக்காலுக்கு வாசலில் நின்றான்.
ஒன்றும் பேசவில்லை. சட்டையில் மீன் வாடை.
நேரே பலகைக்குப் போய்
றையை உள்ளங்கையால் தேய்த்தான்.
சூ மட்டும் மிஞ்சியது.
அதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு
கையை டவுசரில் துடைத்துக்கொண்டான்.